வார்டில் எறும்பு வரிசை: மருந்தடிக்கும் முன் படிக்க வேண்டிய முழுமையான வழிகாட்டி

வார்டுச் சுவரில் எறும்பு வரிசை தெரிந்தால் பெரும்பாலான மருத்துவமனைகளில் நடப்பது ஒன்றுதான். ஹவுஸ்கீப்பிங் ஆளைக் கூப்பிடுவார்கள், அவர் ஸ்ப்ரே பாட்டிலோடு வந்து அடிப்பார், பத்து நிமிடத்தில் வரிசை காணாமல் போகும். சில வாரம் கழித்துப் பக்கத்து அறையில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று என இரண்டு வரிசைகள் தெரியும். மறுபடியும் ஸ்ப்ரே. இப்படியே வருடக்கணக்கில் ஓடும்.

அந்த ஸ்ப்ரே பாட்டிலைக் கீழே வைக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையைக் கலைக்காமல் பின்தொடர்ந்து போனால், தொற்றுத் தடுப்பில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்பதை எறும்பே காட்டிக்கொடுக்கும். வார்டு சிஸ்டர்கள், தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர்கள், சிறிய நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் முதல் படி முழுக்கப் பொருந்தும்.

எறும்பு எதைச் சுமந்து வருகிறது

1972இல் பீட்சன் என்ற ஆய்வாளர் பிரிட்டன் மருத்துவமனைகளில் பிடித்த பாரோ எறும்புகளை (கட்டடங்களுக்குள் கூடு கட்டும் மிகச் சிறிய எறும்பு வகை) பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். சூடோமோனாஸ், சால்மோனெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம் என்று மருத்துவமனைகள் அஞ்சும் பெயர்கள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. அதன் பிறகு இந்த விஷயத்தை அதிகம் தோண்டியவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள். அங்கே வெப்பம், ஈரப்பதம், திறந்த ஜன்னல்கள் எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். 2005இல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் காம்போஸ் நகர மருத்துவமனைகளைப் பற்றி வெளியான ஆய்வு, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களையும் எறும்புகள் சுமக்கின்றன என்று காட்டியது.

இது நடக்கும் விதம் எளிமையானது. எறும்புக்கு நோய் இல்லை. டைபாய்டுக் கிருமி மனித உடலில் பெருகுவதுபோல இந்தக் கிருமிகள் எறும்புக்குள் பெருகிப் பரவ வேண்டிய அவசியமும் இல்லை. கழிவுநீர்த் துளை, சளிக் கிண்ணம், ரத்தம் தோய்ந்த காஸ் துணி ஆகியவற்றின் மேல் நடந்த கால்களோடும் வாயோடும் அது அடுத்து பால் குழாய் முனைக்கோ, ஆறாத புண்ணுக்கோ, ஆட்டோகிளேவ் செய்து (நீராவியால் கிருமி நீக்கி) வைத்த பொட்டலத்துக்கோ போகிறது. ஈயும் கரப்பானும் செய்வது இதையேதான். ஆனால் 2 மில்லிமீட்டர் உடம்பு நுழையும் இடத்தில் கரப்பான் நுழையாது. டிரெஸ்ஸிங்கின் ஓரத்துக்கு அடியிலும், சரியாக ஒட்டாத பொட்டல மடிப்புக்குள்ளும் எறும்பு போகும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எறும்பின் மேல் கிருமி இருக்கிறது என்பது பலமுறை நிரூபிக்கப்பட்டது. இன்ன நோயாளிக்கு வந்த தொற்று இந்த எறும்பால்தான் வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். வார்டில் கிருமியைப் பரப்பும் முதல் வழி இன்னமும் கழுவாத கைகள்தான். ஆகவே எறும்பை ஒழித்துவிட்டுக் கை கழுவுவதை விட்டுவிட்டால் ஒரு பயனும் இல்லை. அதற்காக, இன்குபேட்டருக்குள் இருக்கும் எடை குறைந்த குழந்தையின் பக்கத்தில் எறும்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஆதாரத்துக்காகக் காத்திருக்கவும் முடியாது.

முதல் படி: நோயாளியின் மேல் எறும்பு இருந்தால்

இதற்கு மட்டும் அந்த நிமிடமே செயல்பட வேண்டும். மற்ற படிகள் எல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

கட்டிலை, முடிந்தால் நோயாளியோடு சேர்த்தே, சுவரிலிருந்து விலக்குங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை முழுவதையும் மாற்றி, கழற்றியதை அங்கேயே உதறாமல் பையில் போட்டுக் கட்டுங்கள். தோலில் இருக்கும் எறும்புகளை ஈரமான காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். தட்டிவிட்டால் கடிக்கும், புண்ணுக்குள்ளும் விழும். நோயாளியின் மேலோ படுக்கையிலோ எந்தப் பூச்சி மருந்தும் படக் கூடாது. பொடியும் கூடாது, சாக்பீஸ் கோடும் கூடாது. எறும்பு சாக்பீஸ் என்று விற்பது வெறும் சுண்ணாம்பு இல்லை, அதில் பைரெத்ராய்டு வகை நஞ்சு கலந்திருக்கிறது. சில ஊர்களில் இன்னமும் கெமாக்சின் பொடி என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பழைய பிஎச்சி பொடி இந்தியாவில் 1997 முதலே தடை செய்யப்பட்டது.

பிறகு உடம்பை முழுவதுமாகப் பாருங்கள். கட்டுப் போட்ட இடம் இருந்தால் பிரித்துப் பார்த்து, மருத்துவரிடம் சொல்லிப் புதுக் கட்டுப் போடுங்கள். டிரிப்ஸ் ஊசி இருக்கும் இடம், மூக்குக் குழாயின் வாய், டிரக்கியாஸ்டமி ஓட்டை (மூச்சுவிடத் தொண்டையில் இட்ட துளை), சிறுநீர்க் குழாய் நுழையும் இடம், கண், காது என எதையும் விடாதீர்கள். டிரிப்ஸ் இணைப்பில் எறும்பு மொய்த்தால் அங்கே டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கசிகிறது என்று அர்த்தம். அந்த செட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

யாரை முதலில் பார்ப்பது? தன்னால் எறும்பைத் தட்டிவிட முடியாதவர்களை. பிறந்த குழந்தைகள், வென்டிலேட்டரில் இருப்பவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், தீக்காயக்காரர்கள் முதல் வரிசை. இவர்களோடு சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நன்றாகப் பேசுவார்கள், நடப்பார்கள். கட்டுக்குள் எறும்பு கடிப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. "வலிக்கலையே சிஸ்டர்" என்பார்கள். வலி இல்லை என்பதாலேயே அந்தக் கட்டைத் தினமும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயைப் பற்றி இன்னொன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பழைய வைத்தியர்களே அந்த நோயின் அடையாளமாகக் கண்டிருந்தார்கள். இப்போது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களின் சிறுநீர் சேகரிக்கும் பைக்கும் யூரின் பாட்டிலுக்கும் எறும்பு வரும். அந்தப் பையின் வால்வு தரையைத் தொடாமல் தொங்க வேண்டும்.

தற்காலிகக் காப்பாக, கட்டில் கால்களில் விரலகலத்துக்கு வாசலின் பூசி வையுங்கள். விரிப்பின் நுனியும் வயர்களும் தரையையோ சுவரையோ தொடக் கூடாது. வீடுகளில் செய்வதுபோல் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதை மருத்துவமனையில் நான் ஏற்க மாட்டேன். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். எறும்பைத் தடுக்கப் போய் டெங்குவுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

நடந்ததைத் தேதி, நேரம், படுக்கை எண்ணோடு பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பின்தொடருங்கள்

வரிசையைத் துடைக்காமல் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் தீனி இருக்கும், மறுபக்கம் கூடு இருக்கும். கூட்டுப் பக்கம் பெரும்பாலும் ஒரு சுவிட்ச் போர்டிலோ, ஆக்சிஜன் பாயின்ட் இருக்கும் தலைமாட்டுப் பேனலிலோ, வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் துளையிலோ, ஜன்னல் சட்டத்திலோ முடியும். அந்தத் துளையை இப்போது அடைக்க வேண்டாம். இடத்தைக் குறித்து வைத்தால் போதும்.

கண்ணில் பட்ட வரிசையோடு நின்றுவிடவும் கூடாது. ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். சிலவற்றில் தேன் தடவுங்கள், சிலவற்றில் வேர்க்கடலை வெண்ணெய் அல்லது அவித்த முட்டையின் மஞ்சள் கரு. இரண்டு வகையும் வேண்டும், ஏனென்றால் கூட்டில் எறும்பின் இளம் புழுக்கள் அதிகமாக இருக்கும்போது எறும்பு புரதத்தைத் தேடும், மற்ற நேரத்தில் இனிப்பைத் தேடும். சுவரோரமாக 3 மீட்டருக்கு ஒரு ஜோடி வையுங்கள். சிங்க் அடி, தலைமாட்டுப் பேனல், லாக்கர் பின்பக்கம், சிஸ்டர் ஸ்டேஷன், கழிவறை வாசல், மருந்து ஃபிரிட்ஜின் பின்புறம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து எதில் எத்தனை எறும்பு என்று எண்ணி, வார்டு வரைபடத்தில் குறியுங்கள். பகலில் ஒருமுறையும் விளக்கணைத்த பிறகு ஒருமுறையும் செய்தால், காலை ரவுண்ட்ஸில் யாரும் பார்த்திராத வரிசைகள் தெரியும்.

மேல்தளம், கீழ்த்தளம், இரண்டு பக்கத்து வார்டுகள் என எல்லா இடத்திலும் இதையே செய்யுங்கள். மின்கம்பிக் குழாய்கள் கட்டடம் முழுக்க ஓடுகின்றன. எறும்புக்கு அவைதான் சாலை.

மூன்றாம் படி: எந்த எறும்பு என்று பாருங்கள்

ஒளிபுகும் செல்லோடேப்பில் நாலைந்து எறும்பை ஒட்டி லென்ஸில் பாருங்கள். எல்லாவற்றையும் சிற்றெறும்பு என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டால் மருத்துவம் தப்பாகப் போகும்.

பாரோ எறும்பு சுமார் 2 மில்லிமீட்டர். மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்று நுனி கொஞ்சம் கறுப்பு, இடுப்பில் இரண்டு கணுக்கள். மெதுவாக, ஒழுங்கான வரிசையில் போகும். மருத்துவமனையின் மிகப் பெரிய தொல்லை இதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பேய் எறும்பு இதைவிடச் சிறியது. தலையும் மார்பும் கறுப்பு, வயிறும் காலும் வெளிறியிருக்கும். வெள்ளை டைல்ஸில் பாதி உடம்பே தெரியாது. கண்டபடி வளைந்து வளைந்து வேகமாக ஓடும், நீண்ட காலும் நீண்ட உணர்கொம்பும் கொண்ட கருஞ்சாம்பல் எறும்பு, பாரட்ரெக்கினா லாங்கிகார்னிஸ் என்ற இனம். பெரும்பாலும் வெளியே கூடு கட்டி ஜன்னல் வழியாக வரும். கடித்தால் எரிந்து கொப்புளம் வைக்கும் செந்நிற நெருப்பெறும்பு தோட்டத்து மண்ணில் இருக்கும். தரைத்தள வார்டுகளில்தான் அதன் தொல்லை. கட்டெறும்பு தெரிந்தால் மரச் சட்டங்களைத் தட்டிப் பாருங்கள், உள்ளே உளுத்துப்போயிருக்கலாம்.

அடையாளம் தெரியவில்லை என்றால் ஒரு சிறு குப்பியில் சானிட்டைசர் ஸ்பிரிட்டை ஊற்றி, எறும்புகளைப் போட்டு, அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ கல்லூரி விலங்கியல் துறைக்கோ அனுப்பலாம்.

நுண்ணுயிர்ப் பரிசோதனை எப்போது வேண்டும்

எப்போதும் வேண்டியதில்லை. எறும்பு இருக்கிறது என்பதே நடவடிக்கை எடுக்கப் போதும். ஆனால் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலோ தீக்காயப் பிரிவிலோ ஒரே கிருமி அடுத்தடுத்து வருகிறது, அங்கே எறும்பும் இருக்கிறது என்றால் செய்து பார்ப்பது நல்லது.

கையுறை போட்டு, கிருமிநீக்கிய உப்புநீரில் நனைத்த ஸ்வாபால் (பஞ்சுக் குச்சியால்) எறும்பைத் தொட்டு எடுத்து, அப்படியே பிரெயின் ஹார்ட் இன்ஃபியூஷன் என்ற கிருமி வளர்க்கும் திரவம் உள்ள குழாயில் விடுங்கள். இடத்துக்கு ஒரு குழாய். கூடவே எறும்பைத் தொடாமல் அதே இடத்துக் காற்றில் காட்டிய ஒரு ஸ்வாபையும் தனிக் குழாயில் போடுங்கள். இந்த ஒப்பீட்டுக் குழாய் இல்லாவிட்டால், வளர்ந்த கிருமி எறும்பிலிருந்து வந்ததா, காற்றிலிருந்தோ கையிலிருந்தோ வந்ததா என்று சொல்ல முடியாது. 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துவிட்டு, பிளட் அகார், மெக்கான்கி அகார் என்ற கிருமி வளர்ப்புத் தட்டுகளில் பரப்பி, வளர்ந்ததை இனம் கண்டு ஆன்டிபயாட்டிக் பரிசோதனை செய்வது நுண்ணுயிரியல் துறையின் வழக்கமான வேலை. எந்தெந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற பட்டியல் நோயாளியிடம் வளர்ந்த கிருமிக்கும் எறும்பில் வளர்ந்ததற்கும் ஒத்துப்போனால் அது வலுவான சந்தேகத்துக்கு இடம் தரும். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மரபணுப் பரிசோதனை தேவை.

நான்காம் படி: தீனியையும் தண்ணீரையும் நிறுத்துங்கள்

எல்லோரும் உடனே நோயாளியோடு தங்குபவர்களைக் கை காட்டுவார்கள். லாக்கரில் பிஸ்கட், பழம், பிரசவ வார்டில் ஸ்வீட் பாக்ஸ், பிளாஸ்க் அடியில் காய்ந்த பால். உண்மைதான். ஆனால் அவர்களைத் திட்டுவதற்கு முன், அவர்கள் சாப்பிட வார்டுக்கு வெளியே ஓர் இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இடமே கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் சாப்பிடாதே என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? மூடி இறுகும் டப்பா கொண்டுவரச் சொல்லி அட்மிஷன் போடும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி நம்முடையது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்த சிரிஞ்சு கழுவாமல் லாக்கர் மேல் கிடக்கும். சிரப் பாட்டிலின் மூடி ஓரம் பிசுபிசுக்கும். மிச்சமான டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஸ்டாண்டிலேயே தொங்கும். சக்‌ஷன் பாட்டில் நிறைந்திருக்கும். சிஸ்டர் ஸ்டேஷனில் டீ கிளாஸ் இருக்கும். மஞ்சள் பையில் கட்டாமல் விட்ட டிரெஸ்ஸிங் கழிவு எறும்புக்கு இனிப்பைவிடப் பெரிய விருந்து. உயிரி மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2016 விதிகள் சொல்கின்றன. எறும்பு இருக்கும் வார்டில் ஷிஃப்டுக்கு ஒருமுறை பை கட்டி வெளியே போக வேண்டும்.

தண்ணீரை மறந்துவிடுவார்கள். சொட்டும் குழாய், ஏசி தண்ணீர் கசியும் சுவர், சிங்க் அடி ஈரம். பாரோ எறும்புக்கு வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் போதும். ஆட்டோகிளேவ் அறையைச் சுற்றி அது குடியேறுவது இதனால்தான். வராந்தாவில் அழகுக்கு வைத்த தொட்டிச் செடியில் மாவுப்பூச்சி இருந்தால், அது கசியவிடும் தேன்திரவத்துக்காக எறும்பு அங்கேயே தங்கும். அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: இரை வைப்பது

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் எறும்புகள் கூட்டின் சிறு பகுதி மட்டுமே. ராணிகளும் புழுக்களும் சுவருக்குள் இருக்கின்றன. ஸ்ப்ரே வெளியே நடந்த வேலைக்காரிகளைக் கொல்லும், ராணிக்கு ஒன்றும் ஆகாது. பாரோ எறும்பில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். நெடி பட்டதும் சில ராணிகள், கொஞ்சம் வேலைக்காரிகள், புழுக்கள் என்று ஒரு கூட்டம் பிரிந்து போய் வேறு சுவரில் தனிக் குடித்தனம் வைக்கும். வாழை பக்கக்கன்று விடுவது மாதிரி ஒரு கூடு நாலாகும். ராணியே உடன் வராவிட்டாலும், கொண்டுபோன புழுக்களிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஸ்ப்ரே அடிக்கும் மருத்துவமனை எறும்பை வருடம் முழுக்கப் பதியம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே நஞ்சு மெதுவாக வேலை செய்ய வேண்டும். வெளியே வந்த எறும்பு தின்று, உயிரோடு கூட்டுக்குத் திரும்பி, வாயோடு வாய் வைத்து ராணிக்கும் புழுவுக்கும் ஊட்ட வேண்டும். எளிமையான இனிப்பு இரை இது: 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். அளவைக் கூட்டினால் சீக்கிரம் சாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 5 கிராம் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், அல்லது தொடவே தொடாது. புரதம் தேடும் கூட்டுக்கு ஹைட்ராமெதில்நான் ஜெல் அல்லது பைரிப்ராக்ஸிஃபென், மெத்தோப்ரீன் போன்ற பூச்சி வளர்ச்சித் தடுப்பான் கலந்த இரை பயன்படும். வளர்ச்சித் தடுப்பான் எறும்பைக் கொல்லாது, புது எறும்பு உருவாவதைத் தடுக்கும். இவற்றை உரிமம் பெற்ற பெஸ்ட் கண்ட்ரோல் நிறுவனம் வழியாக, இந்தியாவில் பதிவான தயாரிப்பாகப் பார்த்து மட்டுமே வைக்கச் செய்யுங்கள்.

போரிக் அமிலம் வீட்டில் கேரம் பலகையில் தூவும் பொடிதானே என்று அலட்சியம் வேண்டாம். பச்சிளம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிர் போகும். கரைசலை மருந்து டிராலியில் வைக்கக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலில் ஊற்றக் கூடாது. 'நஞ்சு' என்று பெரிதாக எழுதி, வார்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். வார்டுக்குள் போவது மூடியும் பூட்டும் உள்ள இரைப்பெட்டி மட்டுமே. குழந்தைகள் பிரிவில் அதையும் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், பேனலுக்குள் என்று கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படியில் எறும்பு வந்த ஒவ்வொரு இடத்திலும், அதன் மேல், கீழ், பக்கத்து அறைகளிலும் ஒரே நாளில் வையுங்கள். ஒரு வார்டில் மட்டும் வைத்தால் எறும்பு அடுத்த வார்டுக்குப் போகும். இரைக்கு அருகில் பினாயில், பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம், அந்தச் சிறு வட்டத்தைச் சோப்புநீரால் துடைத்தால் போதும்.

முதல் இரண்டு நாள் எறும்பு இரையில் மொய்க்கும். யாராவது பயந்துபோய் ஸ்ப்ரேயை எடுப்பது அப்போதுதான். எல்லா ஷிஃப்டுக்கும் முன்பே சொல்லி வையுங்கள், இரைப்பெட்டியின் மேலேயே "மருந்தடிக்காதீர்கள், துடைக்காதீர்கள்" என்று ஒட்டிவிடுங்கள். இரை காய்ந்தால் மாற்றுங்கள். பாரோ எறும்பு முட்டையிலிருந்து முழு எறும்பாக ஆறு வாரம் அளவுக்கு ஆகும். வேலைக்காரி இரண்டு மாதம் போல வாழும். அதனால் இரண்டு, மூன்று மாதம் விடாமல் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் வரிசை மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

வெளியிலிருந்து வரும் எறும்புகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஜன்னலைத் தொடும் மரக்கிளையை வெட்டி, வெளிச்சுவர் ஓரம் இரை வைத்து, சட்டங்களை அடைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆறாம் படி: இப்போது அடையுங்கள்

இரையில் எறும்பு வருவது நின்ற பிறகு, குறித்து வைத்த துளைகளை சிலிக்கான் கொண்டு அடையுங்கள். முதலிலேயே அடைத்திருந்தால் கூடு உள்ளேயே வேறு வழி தேடியிருக்கும். குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சிங்க் ஓரம், டைல்ஸ் இடுக்கு எல்லாம் இதில் சேரும். தலைமாட்டுப் பேனலையும் சுவிட்ச் போர்டையும் மின்பிரிவு ஆட்கள்தான் திறக்க வேண்டும்.

ஏழாம் படி: ஒப்பந்தத்தை மாற்றுங்கள்

மாதம் இத்தனை முறை ஸ்ப்ரே என்று எழுதிய பெஸ்ட் கண்ட்ரோல் ஒப்பந்தம் இருக்கும்வரை மேலே சொன்னது எதுவும் நிலைக்காது. ஊழியர் வந்து அடித்துக் கையெழுத்து வாங்கிப் போவார், அது அவர் குற்றமில்லை. மாதந்தோறும் கண்காணிப்பு இரை (இரண்டாம் படியில் சொன்ன நஞ்சில்லாத ஸ்ட்ரா துண்டுகள்) வைத்து எண்ணிக்கையை எழுத்தில் தருவது, நோயாளி இருக்கும் இடத்தில் எறும்புக்கு ஸ்ப்ரே அடிக்காமலிருப்பது, வைத்த மருந்தின் பெயரையும் இடத்தையும் பதிவு செய்வது என்று ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுங்கள். அந்த எண்ணிக்கை தொற்றுத் தடுப்புக் குழுவின் மேஜைக்கு வர வேண்டும். அரசு மருத்துவமனைகளை மதிப்பிடும் காயகல்ப் திட்டத்தில் பூச்சி, விலங்குக் கட்டுப்பாடு தனித் தலைப்பாகவே இருக்கிறது. நிதி கேட்கும்போது அதைக் காட்டிக் கேட்கலாம்.

முடிந்தது என்று எப்போது சொல்லலாம்

கடைசி எறும்பு தெரிந்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை அதே ஸ்ட்ரா துண்டுகளை அதே இடங்களில் வையுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் எல்லாத் துண்டுகளும் காலியாக இருந்தால் அந்த வார்டு தப்பித்தது. அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பச்சிளம் குழந்தைகள் பிரிவு, தீவிர சிகிச்சை, தீக்காயப் பிரிவு, கிருமிநீக்கப் பொருட்கள் வைக்கும் அறை ஆகிய நான்கில் மட்டும் மாதாந்திரக் கண்காணிப்பை எப்போதும் நிறுத்த வேண்டாம். நடுவில் ஒரு துண்டில் நாலு எறும்பு தெரிந்தாலும் வரைபடத்தை எடுத்து அந்த அறைக்கும் அதைச் சுற்றியுள்ள அறைகளுக்கும் அன்றே இரை வையுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடந்தாலோ, வேறு வார்டிலிருந்து பழைய கட்டில், லாக்கர், மெத்தை வந்தாலோ எறும்பு அவற்றோடு வரக்கூடும். உள்ளே ஏற்றும் முன் வெளியே வைத்து, மெத்தை உறையின் ஜிப்பையும் லாக்கரின் பின்பலகையையும் திறந்து பாருங்கள்.